பச்சைத் துணியின் மடி

நான் பத்தாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள். எழுத வந்ததே அதிகம்தான். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சியில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் வார்டில் ஆயாவாக இருக்கிறேன். அரியமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருவேன்.

ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர், முப்பது வயது இருக்கும், வார்டில் சேர்ந்திருந்தார். கழுத்தில் குழாய். அது நேராக ரத்தத்துக்குள் போவது. முன்பு ஒருமுறை அதில் கிருமி ஏறி, குளிர்க் காய்ச்சலில் ஐ.சி.யு.வில் கிடந்து பிழைத்தவர். இன்னொரு தடவை தாங்க மாட்டார் என்று டாக்டர் சொன்னது என் காதிலும் விழுந்தது.

அன்று குழாயின் கட்டு மாற்ற, சிஸ்டர் கிருமி நீக்கிய பச்சைத் துணிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டுக் கையுறை போடத் திரும்பினார். பக்கத்தில் நின்ற நோயாளியின் அம்மா, பையிலிருந்து குப்பியை எடுத்து மகன் தலையில் தீர்த்தம் தெளித்தார். சில சொட்டுகள் பச்சைத் துணியிலும் விழுந்தன. ஒரு துளசி இலை அதிலிருந்த பஞ்சில் ஒட்டிக்கொண்டது. கீழே விழுந்து மிதிபடக் கூடாதே என்று அதை விரலால் எடுத்துக்கொண்டார்.

சிஸ்டர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

சிஸ்டர் திரும்பிப் பஞ்சை எடுக்கப் போனார். கிருமி படாத சுத்தத்துக்கு அவர்கள் சொல்லும் இங்கிலீஷ் வார்த்தை என் வாயில் வரவில்லை.

"தொடாதீங்க சிஸ்டர். மடி போயிடுச்சு."

"என்ன போச்சு?"

"தீர்த்தம் விழுந்திருச்சுங்க. மாமி விரலும் பட்டுச்சு."

அந்த அம்மாவின் முகம் மாறியது. "பெருமாள் தீர்த்தம்மா அது. நானும் ஸ்நானம் பண்ணிட்டுத்தானே வந்திருக்கேன். மடியைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"உங்க ஊர்ல மூணு வீட்ல பாத்திரம் தேய்ச்சிருக்கேன் மாமி. பூஜைக்குன்னு காயப்போட்ட மடிப் புடவையில என் கை பட்டா, குளிச்ச கையான்னு யாரும் கேக்க மாட்டாங்க. திரும்ப நனைச்சுத்தான் போடுவாங்க. இந்தத் துணியும் அப்படித்தாங்க. இதுக்கு நீங்களும் ஒண்ணு, நானும் ஒண்ணு."

அந்த அம்மா மகனைப் பார்த்தார். குப்பியை மூடிப் பையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

சிஸ்டர் கையுறையைக் கழற்றினார். "மூணு வருஷமா வாயே தொறக்கல. இன்னைக்குப் பாடமே எடுத்துட்டீங்கக்கா. போய் வேற செட் கொண்டாங்க."

நான் எடுத்து வந்தேன். சிஸ்டர் மறுபடி கை கழுவி, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மறுநாள் காலை அந்த அம்மாவின் மகனுக்குக் காய்ச்சல் இல்லை. பதினோரு மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள்.