புதன்கிழமைக் காய்ச்சல்

எண்பதுகளின் கடைசியில் சுவிஸ் நாட்டு வின்டர்தூரில் நான் ஜிம்னாசியம் என்ற மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். வயது பதினேழு. மூக்குக்கு மேல் கோபம். அந்த வருடம் எங்கள் இரசாயன ஆசிரியை என்னை ஊரிலிருந்த பொறியியல் கல்லூரிக்குச் சிபாரிசு செய்தார். புதன் பின்னேரங்களில் அங்கே முதலாம் ஆண்டு மாணவர்களோடு இருந்து இரசாயனம் படிக்கலாம். சோதனையில் சித்தியடைந்தால் அந்தப் புள்ளி என் பள்ளி அறிக்கையிலும் ஏறும், பிறகு கல்லூரியில் சேர்ந்தால் அங்கேயும் செல்லும். அந்தப் புள்ளிக்கு ஆசைப்பட்டதுபோல் நான் ஒரு சட்டைக்குக்கூட ஆசைப்பட்டதில்லை.

கல்லூரிக் காரியாலயத்தில் ஒரு பெண்மணி ஒற்றைத் தாள் ஒன்றைத் தந்தார். வீட்டில் கையெழுத்து வாங்கி வரவா என்று கேட்டேன். "தேவையில்லை, நீங்களே வையுங்கள்" என்றார். தாளில் இருந்தது கொஞ்சம்தான். ஆய்வுகூடத்துக்கு வர முடியாவிட்டால் காலை எட்டு மணிக்கு முன் மாணவரே தொலைபேசியில் காரணத்தைச் சொல்லவேண்டும். அப்படிச் சொல்லாமல் இரண்டு தரம் தவறினால் சோதனைக்கு இருக்க முடியாது. பந்தாவாகக் கையெழுத்து வைத்தேன். என் வாழ்க்கையில் அப்பாவைக் கேட்காமல் நான் வைத்த முதல் கையெழுத்து அது.

அப்பா ஒரு உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். புதன்கிழமை அவருக்கு லீவு. அந்த நாட்களில் இலங்கையிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஜெர்மன் தெரியாது, எனக்குத் தெரியும். அதனால் பல்வைத்தியர், வீட்டுக்காரர், விசா என்று எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அப்பாவின் வாயில் 'ஏலாது' என்ற சொல்லே வராது. என்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டார். "அதுக்கென்ன, பிள்ளை வருவா" என்று சொல்லிவிடுவார். இங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் புதன் பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை. தம்பி வீட்டில் நின்று பந்தடிப்பதைப் பார்த்துப் பார்த்து, எனக்கும் அப்படித்தான் என்று அவர் முடிவுகட்டியிருந்தார்.

"எனக்கு வகுப்பு இருக்கப்பா" என்றால், "அது உன்ர பள்ளிக்கூடம் இல்லையே பிள்ளை, சும்மா போய்ப் பாக்கிறதுதானே" என்பார்.

முதல் மாதமே ஒரு அக்காவின் பல்வலிக்காக ஒரு ஆய்வுகூட வகுப்பு போயிற்று. தொலைபேசி எடுக்கவேண்டும் என்பதையே மறந்துபோனேன். காரியாலயப் பெண்மணி என் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார். இன்னொரு கோடு விழுந்தால் கதை முடிந்தது.

அடுத்த மாதம் பக்கத்துத் தெரு அண்ணை ஒருவருக்கு விசா கொடுக்கும் வெளிநாட்டவர் பொலிசிலிருந்து கடிதம் வந்தது. புதன்கிழமை இரண்டு மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். அந்த மனிசன் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அப்பா வழக்கம்போல், "பிள்ளை வருவா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தக் கைகளைப் பார்த்தபின் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

கல்லூரிக்கு என்ன சொல்வது? அயலவருக்கு மொழிபெயர்க்கப் போகிறேன் என்றால் வெள்ளைக்காரர் சிரிக்கமாட்டார்களா? "காய்ச்சல் எண்டு சொன்னால் ஆர் கேக்கப் போகினம்?" என்றார் அப்பா. வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்குக் காய்ச்சல் வருத்தம் என்றால் தகப்பன் சொல்வதுதானே மரியாதை? புதன் காலை இருவரும் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்குள் நெருக்கியடித்து நின்றோம். ஜெர்மன் வசனத்தை நான் சொல்லிக் கொடுத்தேன், அப்பா சொன்னார். தொலைபேசியை வைத்த பிறகு, "எப்பிடி என்ர ஜெர்மன்?" என்று கேட்டார். நான் சிரித்தேன்.

அண்ணையின் அலுவல் நல்லபடியாக முடிந்தது. ஆறு மணிபோல வீட்டுக்கு வந்தால் மேசையில் ஒரு பை நிறையத் தோடம்பழம். பக்கத்தில் ஒரு கொப்பி.

"உன்னோட படிக்கிற பெடியன் வந்தவன். நல்ல பெடியன். மூண்டு ரோல்ஸ் சாப்பிட்டவன்" என்றார் அப்பா, முகமெல்லாம் பல்லாக.

ஆய்வுகூடத்தில் நாங்கள் இரண்டு இரண்டு பேராகத்தான் வேலை செய்வோம். என் கூட்டாளி சாயத் தொழிற்சாலையில் தொழில் பழகி முடித்து வந்தவன், என்னைவிட ஐந்து வயது மூத்தவன். எனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுப் பழமும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்திருக்கிறான்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நீ பொலிசுக்குக் கதைக்கப் போயிட்டாய் எண்டு சொன்னன். எனக்கு அவ்வளவு ஜெர்மன் தெரியாதோ?"

ஐயோ கடவுளே! கொப்பியைத் திறந்தேன். ஒருவர் அமிலத்தைத் துளித்துளியாக விட, மற்றவர் குடுவையை ஆட்டி அளவு எழுதவேண்டிய பரிசோதனை. அவன் அதைத் தனியாளாகச் செய்து, மேலே இரண்டு பேருடைய பெயரையும் எழுதியிருந்தான். என் பெயரை அவ்வளவு வடிவாக வேறு எழுதியிருந்தான்.

"காய்ச்சல்காரியின்ர வீட்டுக்கு வந்தவனுக்கு, அவள் வீட்டில இல்லை எண்டு சொல்லி ரோல்சும் குடுத்தீங்களோ!" என்று கத்தினேன். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். அப்பா அப்போதுதான் விளங்கிக்கொண்டார். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வந்தது, என்மேல்.

அடுத்த கிழமை கூட்டாளி சண்டை பிடிக்கவில்லை. "உண்மையைச் சொல்லியிருந்தாலும் தனியாகத்தான் செய்திருப்பேன். பழம் மட்டும் வாங்கியிருக்கமாட்டேன்" என்றான். யாருக்கும் சொல்லமாட்டேன் என்றும் சொன்னான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், புள்ளி தப்பும். அந்த ஒன்றரை மணி நேரம் அவன் பக்கத்தில் நின்று குடுவையை ஆட்டினேன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்படியே வருடம் முழுக்க நிற்கவேண்டுமா என்று நினைத்தேன். வகுப்பு முடிந்ததும் நேரே காரியாலயத்துக்குப் போனேன்.

"அப்பாதான் தொலைபேசி எடுத்தார்..." என்று தொடங்கினேன்.

"உங்கள் அப்பா எங்கள் மாணவர் இல்லை" என்றார் அந்தப் பெண்மணி.

அதன்பின் மிச்சத்தையும் சொன்னேன், வசனத்தைச் சொல்லிக் கொடுத்தது நான்தான் என்பது உட்பட. அவர் கண்ணாடியைக் கழற்றினார். அதற்கு முதல்நாள் வந்து, மொழிபெயர்க்கப் போகவேண்டும் என்று கேட்டிருந்தால் அனுமதி தந்திருப்போமே என்றார். பிறகு, என்னைவிட அவருக்குத்தான் கஷ்டம் என்பதுபோல, மெதுவாக இரண்டாவது கோட்டைப் போட்டார். சோதனை இல்லை. புள்ளி இல்லை. விரும்பினால் வந்து வேலையைச் செய்யலாம், என் கூட்டாளிக்கும் ஆள் தேவை என்றார். வருகிறேன் என்றேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துக் கதவு தட்டப்பட்டது. ஒரு அண்ணைக்கு வீட்டுக்காரரோடு கதைக்கவேண்டும், அடுத்த புதன்கிழமை. அப்பா என்னிடம் வந்தார்.

"சோதினை இல்லை எண்டு சொன்னாய். அப்ப புதன்கிழமை சும்மாதானே பிள்ளை?"

"இல்லையப்பா. வகுப்புக்குப் போகவேணும்."

"புள்ளி இல்லாத வகுப்புக்கு ஏன்?"

"வாறன் எண்டு சொல்லிப்போட்டன்."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தலையைக் குனியவில்லை. பிறகு வாசலுக்குப் போனார். தொண்டையைச் செருமுவது கேட்டது.

"தம்பி, குறை நினையாதேங்கோ. புதன்கிழமை பிள்ளைக்கு ஏலாது" என்றார்.