இரண்டு அரைப்பேர்

மற்றவர்கள் படிப்பதற்காக உதவி கேட்பார்கள். இரண்டு கல்லூரிகளில் படிப்பவர்களுக்கோ உதவி கேட்பதே மூன்றாவது படிப்பு. அதற்கு வகுப்பறை கிடையாது, வாத்தியார் கிடையாது, கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் ஒரு வரிசை மட்டும் உண்டு. அந்த வரிசையில் நின்று கால் கடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

நான் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். வார நாள்களில் ஈப்போவில் தங்கி ஒரு கல்லூரியில் பாலர் கல்வி டிப்ளோமா படிக்கிறேன். காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாடங்கள் அங்கே இல்லை. அவற்றை மட்டும் சனிக்கிழமைகளில் தாப்பாவில் இன்னொரு கல்லூரியில் படிக்க அனுமதித்தார்கள். அனுமதி கொடுத்தவர்கள் உதவித்தொகையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது வராவிட்டால் அடுத்த பருவத்துக்கு நான் பதிய முடியாது. படிப்பு அதோடு சரி.

முழு நேரமா, பாதி நேரமா

படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இருந்தது. எங்கள் தோட்டத்தில் பேர் போடுவது என்றால் அன்றைய வேலையைக் கணக்கில் ஏற்றுவது. அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மலையில் ஆள் குறைந்தால் காலையில் கொழுந்து லாரிக்குப் போவார், மதியத்துக்கு மேல் தொழிற்சாலைக்குத் திரும்புவார். அங்கே ஒரு கங்காணி அரைப்பேர் போடுவார், இங்கே இன்னொருவர் அரைப்பேர் போடுவார். சாயந்திரம் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி இரண்டையும் சேர்த்து முழுப்பேர் ஆக்கிவிடுவார்.

இந்தக் கணக்கைக் கேட்டே வளர்ந்தவள் நான். அதனால் ஈப்போ படிவத்தில் ‘பாதி நேரம்’, தாப்பா படிவத்திலும் ‘பாதி நேரம்’ என்று நேர்மையாக டிக் செய்தேன். எங்கேயோ ஒருவர் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்துவிடுவார் என்று நம்பினேன். யாரும் சேர்க்கவில்லை. பாதி நேர மாணவர்களுக்கு உதவி கிடையாது என்று இரண்டு இடத்திலிருந்தும் பதில் வந்தது. ஈப்போவில் உதவித்தொகைக் கவுண்டரைப் பார்ப்பவர் மிஸ் லதா. கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். என் இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இங்க நீ அரை, அங்கயும் அரை. முழுசா எங்கயும் இல்லையேம்மா, நான் உன்ன யாருன்னு எழுதுறது?”

தாப்பாவில் தேநீர்

தாப்பா கல்லூரி ஆபீசில் புவான் ரொஹானி என்று ஒரு மலாய்க்கார அம்மா. நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு குவளை பால் கலக்காத தேநீர் கொண்டுவந்து வைத்தார். எங்கள் மலைத் தூள்தான் என்று வாசனையிலேயே தெரிந்தது. குடித்தேன். இனி காரியம் நடந்துவிடும் என்று தைரியம் வந்தது.

குவளை காலியானதும் அவர் மெதுவாகப் பேசினார். அவர்களிடம் முழுதாகப் பதிந்தவர்களுக்குத்தான் அவர்கள் உதவிக்கு எழுத முடியுமாம். மலாயில் அவர் சொன்னது தமிழில் இப்படி வரும்:

“உன் வீடு ஈப்போவில இருக்கு, இங்க நீ விருந்தாளி. விருந்தாளிக்கு நாங்க தண்ணி குடுக்கலாம், சாப்பாட்டுச் செலவு குடுக்க முடியாது.”

அப்பா ஆபீசுக்குப் போனது

வீட்டில் சொல்லாமல் இருக்கப் பார்த்தேன். அப்பாவிடம் எதையும் மறைக்க முடியாது, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். மறுநாள் வேலை முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு நேராகத் தோட்டத்து ஆபீசுக்குப் போய், மகள் முழுப்பேருக்குப் படிக்கிறாள் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கிராணியிடம் கேட்டிருக்கிறார். கிராணி சிரிக்கவில்லை. அப்பாவின் சம்பளத்துக்கு மட்டும்தான் தன்னால் எழுத முடியும், கல்லூரிக் கணக்கில் தான் கை வைக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்பா வந்து வாசலிலேயே நின்றார். கோபம் இல்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார்.

“ஏன் பாப்பா, அவ்வளோ பெரிய காலேஜ்ல ரெண்டு அரைப்பேர சேக்குறதுக்கு ஒரு கிராணி இல்லியா?”

சுலபமான வழி

வழி ஒன்று இருக்கத்தான் செய்தது. தாப்பா பாடங்களை விட்டுவிட்டு, ஈப்போவிலேயே ஏதாவது வேறு பாடங்களை எடுத்தால் நான் முழு நேர மாணவி. உதவி தானாக வரும். மிஸ் லதா ஒரு தாளில் எழுதியே காட்டினார். என் இடத்தில் அவருடைய தங்கை இருந்தாலும் இதைத்தான் சொல்வாராம். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

தாப்பா பாடங்களை நான் ஏன் விட முடியாது என்று இங்கே சொல்லிவிடுகிறேன். என் அக்காவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவளுக்கு ஏற்ற பள்ளிக்கூடம் மலையில் இல்லை. கீழே அனுப்ப வீட்டில் வழி இல்லை. எழுத்துத் தெரியாமலே வளர்ந்துவிட்டாள். எங்கள் வீட்டுக்குள் நாங்களே உண்டாக்கிக்கொண்ட கை ஜாடைதான் அவளுக்குத் தெரிந்த ஒரே மொழி. எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு வெளியே அவள் ஊமை. இப்போது மலையிலேயே கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி கடை ஒன்றில் பழம் அடுக்கும் வேலை பார்க்கிறாள்.

அம்மாவிடம் மிஸ் லதா சொன்ன வழியைச் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. தாப்பா வகுப்புக்குக் கட்டுவது அக்காவின் ஞாயிற்றுக்கிழமைச் சம்பளம் என்பது அப்போது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வாரத்தில் அவளுக்கு இருந்த ஒரே ஓய்வு நாளை எனக்காக விட்டிருக்கிறாள். சனிக்கிழமைக் கூட்டத்தை விட ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அங்கே அதிகம்.

“ஒரு எடத்துல முழுசா இருடி. அவளுக்காக நீ படிப்ப, ஒனக்காக அவ கைய ஒடிச்சிக்குவா, இது என்னா கணக்கு?”

யார் முதலில்

என் பிடிவாதத்தைப் பார்த்து மிஸ் லதாவே எங்கேயோ துழாவி ஒரு விதியைக் கண்டுபிடித்தார். தாப்பாவில் படிப்பதும் ஈப்போப் படிப்பில் சேர்த்திதான் என்று ஈப்போவும், இவளுக்கு நாங்கள் தனியாக உதவி எதுவும் தரவில்லை என்று தாப்பாவும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால், என்னை முழு நேரமாக எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அவசரப்பட்டுவிட்டேன்.

தாப்பா போட்டால்தான் நாங்கள் போடுவோம் என்றது ஈப்போ. தாய்க் கல்லூரி போடாமல் நாங்கள் எப்படிப் போடுவது என்றது தாப்பா. கல்யாணம் ஆகாமல் பைத்தியம் தீராது, பைத்தியம் தீராமல் கல்யாணம் ஆகாது என்பார்களே, அந்தக் கதைதான். தாளை மடித்து மடித்து அதன் நடுவே கிழிசலே விழுந்துவிட்டது. பதிவு முடியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஈப்போக் கல்லூரி வாசலில் இருக்கும் காவல்காரர் ஒரு நாள் என்னை நிறுத்தினார்.

“தெனமும் வந்து நிக்கிறதுக்கு, நீ இங்கயே வேலைக்குச் சேந்துரலாம்லா தங்கச்சி.”

பாதை அடைத்த சனிக்கிழமை

ஒரு வெள்ளிக்கிழமை கனத்த மழை. கியா பார்ம் பாதையில் மண் சரிந்து, மறுநாள் கடை திறக்கவில்லை. அக்கா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கீழே தாப்பாவுக்குப் போகும் பாதை திறந்துதான் இருந்தது, வாயேன் என்று கூட்டிப் போனேன். பாதை வளைவுகளில் வாந்தி எடுத்தாள். வகுப்பில் கடைசி நாற்காலியில் கூச்சத்தோடு உட்கார்ந்தாள்.

அன்றைக்குச் சைகைப் பாடம். இருபது பேர் இருக்கும் அறையில் சத்தமே இல்லை, எல்லார் கைகளும் பேசிக்கொண்டிருந்தன. அக்கா முதலில் சிரித்தாள். பிறகு மெல்ல மெல்லச் சிரிப்பு நின்றது. எங்கள் வீட்டில் மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொட்டால் அம்மா, தோளில் மூட்டை தூக்குவதுபோல் காட்டினால் அப்பா. இங்கே அம்மாவும் வேறு, அப்பாவும் வேறு. அவள் தன் கைகளை மடியில் ஒளித்துக்கொண்டாள். வாசலில் வருகைத் தாள் வாங்க வந்த புவான் ரொஹானி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா என் பக்கம் திரும்பி, யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல் விரல்களை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

“இவ்ளோ நாளா நாம தப்பாவா பேசிக்கிட்டு இருந்தோம்?”

ஞாயிற்றுக்கிழமை

இல்லை என்று அவளுக்குச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். நம்பினாளா தெரியவில்லை. வகுப்பு முடிந்து ஆபீசைத் தாண்டும்போது புவான் ரொஹானி என்னைக் கூப்பிட்டு, அந்தக் கிழிசல் தாளைக் கேட்டு வாங்கினார். கிழிந்த இடத்தில் பின்னால் டேப் ஒட்டி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். ஏன் மனம் மாறினார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திங்கட்கிழமை மிஸ் லதா அதே தாளில் தன் பங்குக்குப் போட்டார். பதிவு முடிவதற்குள் பதில் வந்தது. முழு நேர மாணவி. தாப்பா வகுப்புக்கும் சேர்த்தே உதவி.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அப்பா, கடைசியில் ஒரு கிராணி அகப்பட்டுவிட்டார் என்று சந்தோஷப்பட்டார். அம்மா சாமி விளக்கை ஏற்றினார். அக்காவுக்கு விளக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. ‘முழு நேரம்’ என்பதற்கு எங்கள் வீட்டு ஜாடை கிடையாது. இனி என் வகுப்புக்கு நீ கட்ட வேண்டாம் என்று மட்டும் காட்டினேன். குளிர்ந்த தண்ணீரில் பழம் கழுவிக் கழுவி அவள் விரல் நுனிகள் வெடித்திருந்தன. அந்த விரல்களால் மெதுவாக, அனுமதி கேட்பதுபோல் கேட்டாள்.

“அப்போ, ஞாயித்துக்கிழமை நான் தூங்கிக்கலாமா?”

இந்த வருடப் படிவத்தில் ‘வேறு எவரிடமிருந்தாவது உதவி பெறுகிறீர்களா’ என்று ஒரு கேள்வி புதிதாக வந்திருக்கிறது. அக்காவின் ஞாயிற்றுக்கிழமைகளை எழுத அதில் இடம் இல்லை. உங்கள் எல்லாரையும் போல நானும் ‘இல்லை’ என்றுதான் டிக் செய்திருக்கிறேன்.