பாலன் குடிலில் ஒட்டகச்சிவிங்கி

மார்கழி மழையில் நனைந்த வைக்கோலின் புழுங்கல் மணம் மூக்கில் ஏறினால் போதும், விடத்தல்தீவில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒட்டகச்சிவிங்கி ஒன்று குழந்தை யேசுவை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நத்தார்ப் பண்டிகைதான் எனக்கு ஞாபகம் வரும். யேசு பிறந்த தொழுவமாக நாங்கள் கட்டும் பாலன் குடிலின் பொம்மை மாடும் கழுதையும் உடைந்துபோனதால், புதிது வாங்க மன்னாருக்குப் போன அப்பா, கடையில் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட, ஆபிரிக்கக் காட்டு மிருகங்கள் அடங்கிய பிளாஸ்ரிக் பொம்மைப் பை ஒன்றோடு திரும்பி வந்தார்.

"மன்னார் ரவுண் முழுக்கக் கழுதை திரியுது, உங்களுக்கு ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"மிருகம் மிருகம்தானேயப்பா," என்றார் அப்பா.

நத்தார் அன்று எங்கள் பங்குக் குருவான சுவாமியார் வீடு வீடாகக் குடில் பார்க்க வருவார். அவர் முகம் சுளித்தால் அத்தனையும் குப்பைக்குத்தான் என்று அம்மா சொல்லிவிட, மிருகங்களைக் காப்பாற்ற ஒன்பது வயதான நான் வழி தேடினேன்.

பள்ளிக்கூட நூலகப் புத்தகம் ஒன்றுதான் கைகொடுத்தது. ஒட்டகச்சிவிங்கி முழ நீளக் கருநாக்கை நீட்டி முள்ளுக்கு நடுவே இலை பறித்துத் தின்னும், நீர்யானை பகலெல்லாம் தண்ணீருக்குள் கிடந்துவிட்டுப் பொழுதுபட்டபின் கரையேறிப் புல் மேயும், வரிக்குதிரைக்கும் புல்தான். ஆகவே மூன்றும் பாலனருகே நிற்கலாம். சிங்கத்துக்கோ இறைச்சி. அதைக் குடிலுக்கு வெளியே, ஓலை வேலிக்கு அப்பால் நிறுத்தினேன்.

சுவாமியார் வந்தார், குனிந்து பார்த்தார்.

"ஏன் பிள்ளை, சிங்கம் பாவம், வெளியில நிக்குது?"

"அது இறைச்சி தின்னும், சுவாமி. பாலனுக்குப் பக்கத்தில விடேலாது."

அவர் வயிறு குலுங்கச் சிரித்து, சிங்கத்தை எடுத்துப் பாலனோடு ஒட்டி வைத்தார். "இண்டைக்கு வைக்கோல் தின்னட்டும்."

"அதின்ர பல்லால வைக்கோல் அரைக்கேலாது, சுவாமி!" என்று நான் கத்த, அம்மா தொடையில் கிள்ளினார். ஆனாலும் என் மிருகங்கள் தப்பிவிட்டன. அடுத்த நத்தாருக்குச் சுவாமியார், "எங்க உங்கட நீர்யானை?" என்று கேட்டுக்கொண்டேதான் படலையைத் திறந்தார்.

இப்போது குடில் கட்டுவது என் மகள். ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்துப் போய்விட்டது, நீர்யானையைக் காணவே காணோம், வரிக்குதிரையின் வரியெல்லாம் அழிந்துவிட்டதால் வருகிறவர்கள் அதைக் கழுதை என்றே நினைக்கிறார்கள். அப்பா இருந்திருந்தால் அதை அம்மாவிடம் காட்டி நெஞ்சை நிமிர்த்தியிருப்பார். சிங்கம் மட்டும் ஒரு பழுதுமில்லாமல் இருக்கிறது. சுவாமியார் வைத்த இடத்திலேயே, பாலனோடு ஒட்டித்தான் மகளும் அதை வைக்கிறாள். ஒருவரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, அதை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டுத்தான் நான் பூசைக்குப் போகிறேன்.