அவள் பாடிய இடத்தில் ஒரு மெட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு கோடை. ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் தச்சு வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. தோலைப் போட்டு உருட்டும் பெரிய மர டிரம்களில் பலகை உடைந்தால் மாற்ற வேண்டும், அதுதான் வேலை. அதற்கு முன்னால் தஞ்சாவூரில் அண்ணனோடு சேர்ந்து வீணை செய்துகொண்டிருந்தேன். அவரோடு பேச்சு முறிந்து ரயிலேறியபோது நான் எடுத்து வந்தது, மெட்டு வைக்காத ஒரு வீணை மட்டும்.

தோல் நாற்றம் சீக்கிரமே பழகிவிட்டது. பேச ஆளில்லாததுதான் பழகவே இல்லை. வெள்ளிக்கிழமை டேனரிக்கு லீவு. அறையில் சும்மா கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால், ஒரு வெள்ளிக்கிழமை அந்த வீணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

வீணையின் தண்டி, அதாவது நீண்ட கழுத்தின் மேல் இரண்டு வரிசையாக மெழுகு வைத்து, அதில் மெட்டு என்கிற வெண்கலத் துண்டுகளைச் சுரம் பார்த்துப் பதிக்க வேண்டும். மெழுகு இறுகினால்தான் மெட்டு நிற்கும். வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? மத்தியானம் வரைக்கும் மெழுகு இறுகவே இல்லை. மெட்டைக் கட்டைவிரலால் தள்ளினால் நகர்ந்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்போது பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்பவர். நான் அங்கே போவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவர் மனைவி காய்ச்சலில் இறந்திருந்தாள். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. அதுவரை நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இன்னாண்ணே பண்றீங்க?"

"மெட்டு கட்டுறேன்" என்றேன்.

அவ்வளவுதான், மனிதர் உள்ளே வந்து உட்கார்ந்தேவிட்டார். எங்கள் தொழிலில் மெட்டு கட்டுவது என்றால் இந்த மெழுகு வேலை. அவர் நினைத்ததோ பாட்டுக்கு மெட்டு கட்டுவது!

"எம் பொண்டாட்டி பாடுன தாலாட்டு ஒண்ணு, வார்த்தை இருக்குது. மெட்டு மறந்துபோச்சு. கட்டிக் குடுத்துடுங்கண்ணே. மத்தியானத்துல தூங்காம புள்ள ஒரே பேஜாரு பண்ணுது."

விளக்கிப் பார்த்தேன். தஞ்சாவூர்க்காரர்கள் எல்லோரும் பாட்டுக்காரர்கள் இல்லை, என் தொண்டையைக் கேட்டால் தூங்குகிற குழந்தையும் எழுந்து அழும் என்றேன். அவர் அசையவில்லை. நானும் பிறகு வற்புறுத்தவில்லை. அவர் எழுந்து போய்விட்டால் மறுபடி அந்த அறையில் நான் மட்டும் இருக்க வேண்டுமே என்ற பயத்தில்தான் கம்பியை மீட்டினேன்.

அவர் ஒரு வார்த்தை சொல்வார். நான் ஒவ்வொரு மெட்டாகத் தொட்டுக்கொண்டு போவேன். "அங்க இல்ல", "ஜாஸ்தி மேல போய்ட்டீங்க" என்பார். சரியான இடம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். இப்படியே முதல் வரி வந்துவிட்டது. கடைசி வார்த்தையில்தான் சிக்கினோம். இந்த மெட்டும் இல்லையாம், அடுத்ததும் இல்லையாம், நடுவிலாம். கம்பியை இழுத்து அதை வரவழைக்கும் வித்தை எனக்குக் கிடையாது.

"அங்கே சுரமே கிடையாதுய்யா" என்று எரிந்து விழுந்தேன்.

"அவ அங்கதாண்ணே பாடுவா."

இளகிக் கிடந்த மெழுகில் அந்த மெட்டைக் கட்டைவிரலால் மெல்ல நகர்த்தினேன். இன்னும் கொஞ்சம். மீட்டினேன். அவர் கண்ணை மூடியவர் திறக்கவே இல்லை.

திரும்பத் திரும்ப அந்த ஒரு வரியையே மீட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், மனிதர் சுவரில் சாய்ந்து வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருக்கிறார். எத்தனை நாள் தூக்கமோ! குழந்தை கொட்டக் கொட்ட விழித்தபடி மீந்த மெழுகை உருட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து என் தொடையில் கையை ஊன்றி நின்றது. அந்த ஊருக்கு வந்து என்னை ஒருவர் தொட்டது அதுதான் முதல் முறை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பின்னால் அண்ணனோடு சமாதானமாகி ஊர் திரும்பினேன். சுருதி பிசகாமல் மெட்டு கட்டுகிறவன் என்று பெயரும் எடுத்தேன். ஆனாலும் நான் கட்டியதில் சரியாக உட்கார்ந்த மெட்டு எது என்று யாராவது கேட்டால், எந்த வித்வானும் ஒப்புக்கொள்ளாத அந்த ஒன்றைத்தான் இன்றைக்கும் சொல்வேன்.