பாய் கடையில் நின்றுபோன பாட்டு

சென்ற வாரம், கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே நான் வழக்கமாகத் தேநீர் அருந்தும் பாய் கடைக்குள் நுழைந்தேன். ஒலித்துக்கொண்டிருந்த பாட்டு சட்டென்று நின்றது.

இது புதிதல்ல. மினி பஸ்ஸில் நான் ஏறினால் டிரைவர் பாட்டை அணைக்கிறார். சலூனிலும் அப்படியே. தை மாதத்தில் என் மனைவி காலமானதை இப்பத்தியின் வாசகர்கள் அறிவீர்கள். துக்கம் கொண்டவர் முன் பாட்டு ஒலிக்கலாகாது என்பது எங்கள் ஊர் காட்டும் மரியாதை.

ஆனால் ஒரு சிக்கல்... ஊரே போட்டுக் கேட்கும் அந்தப் பாட்டைப் பாடியவள் என் மகள்.

கதாநாயகியாகப் பல படங்களில் நடித்தவள். ஒன்றிலும் அவள் குரல் இல்லை. பேச்சில் கரிசல் வாடை அடிக்கிறதென்று வேறொருவரைக் கொண்டே டப்பிங் செய்தார்கள். தியேட்டரைவிட்டு வெளியே வரும்போதெல்லாம் என் மனைவி கேட்பாள்: “மொகம் நம்ம பிள்ளையது. சத்தம் யாருது?”

நான் பேச்சை மாற்றி, பஸ்ஸைத் தேடுவேன்.

மனைவி போன பிறகு, மகள் தானே எழுதித் தானே பாடிய பாப் ஆல்பம் வெளிவந்தது. கல்யாண வீடு, கல்லூரி விழா, ரீல்ஸ் — எங்கும் அதுதான். நான் மட்டும் வீட்டில் ஹெட்போனில் கேட்டேன். ஊரோடு சேர்ந்து ஒருமுறை கேட்க ஆசை. அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

அன்று, மிளகாய் வற்றல் மூட்டையோடு வந்திருந்த விளாத்திகுளத்துக்காரர் விடவில்லை.

“ஏன் பாய் நிப்பாட்டுதீரு? நல்ல பாட்டுல்லா!”

“சும்மா இரும்வே. சார் வீட்ல துட்டி. அந்தப் பிள்ளைக்கு அப்பா இவியதான்.”

“நல்லா இருக்குவே நியாயம்! ஊருக்கெல்லாம் போடுதீரு, பெத்தவியளுக்கு ஒளிச்சு வைக்கீரா?”

பாய் என்னைப் பார்த்தார்.

“போடுங்க பாய்” என்றேன்.

‘ஏட்டி, இங்கன வா...’ என்று தொடங்கியது பாட்டு. அடுக்களையிலிருந்து என் மகளை அவள் தாய் அழைக்கும் அதே இழுப்பு. வாடை என்று ஒதுக்கினார்களே, அதுதான் இன்று ஊரையே ஆடவைக்கிறது. மிளகாய்க்காரர் மூட்டைமேல் தாளம் போட்டார்.

“சத்தம் கூடிப்போச்சோ சார்? கொறைக்கட்டா?”

துக்க வீட்டில் பாட்டு கூடாதுதான். துக்க வீட்டிலிருந்தே புறப்பட்ட பாட்டுக்கும் அந்த விதி பொருந்துமா?

“கூட்டுங்க பாய். ரோடு வரைக்கும் கேக்கட்டும்.”

‘சத்தம் யாருது?’ என்று கேட்டவளுக்குத் தாமதமாகவேனும் என் பதில்: சத்தமும் நம் பிள்ளையதுதான்.