நூறு சதவீதம் திறக்கப்பட்ட திரை

இனாகாகி சவாகோவின் மூளையைக் கம்பெனிக்குக் காட்டிக்கொடுத்தது மீன். அவர் வீட்டுப் பக்கத்து அங்காடியில் சாயங்காலம் மிஞ்சிய மீனுக்குப் பாதி விலைச் சீட்டு ஒட்டுவார்கள். மற்றவர்கள் அந்த நேரத்துக்காகக் கூடையும் கையுமாகச் சுற்றிச் சுற்றி வருவார்கள். சவாகோ மட்டும், சீட்டு எந்த நிமிடத்தில் ஒட்டப்படுகிறது என்று பதினோரு வாரம் குறித்து வைத்தார். மழை பெய்தால் நாற்பது நிமிடம் முந்துகிறது என்று கண்டுபிடித்தார். இத்தனைக்கும் அவருக்கு மீன் பிடிக்காது.

அப்போது அவர் எங்கள் சாப்பாட்டுப் பெட்டிக் கம்பெனியில் தொலைபேசியில் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தார். வயது நாற்பத்து நாலு. ஆறு மாத ஒப்பந்தம், ஒன்பதாவது முறையாக. மீன் கதை பிரிவுத் தலைவர் காமியாவின் காதுக்குப் போயிற்று. "அவங்கள டேட்டா பக்கம் போடுங்க" என்றார். எங்கள் அலுவலகத்தில் அந்தப் பக்கம் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. என் கொள்முதல் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டார்கள். அதுவே அந்தப் பக்கம் ஆயிற்று.

ஒகசாகியைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்குத் தினமும் மூவாயிரத்துச் சொச்சம் மதியச் சாப்பாடு அனுப்புகிறோம். ஆர்டர் முடிவது காலை ஒன்பதுக்கு. கடைசி அண்டா அடுப்பேற வேண்டியது எட்டுக்கு. நடுவிலுள்ள ஒரு மணி நேரத்தை ஊகத்தால்தான் நிரப்ப வேண்டும். ஓர் அண்டாவுக்கு எழுபது பெட்டி. தினம் நாலு அண்டாச் சோறு பன்றிப் பண்ணைக்குப் போய்க்கொண்டிருந்தது. வீணடிப்பை ஒழிப்பது எங்கள் மாவட்டத்தின் மதம். கார் செய்கிறவர்கள் தொடங்கிவைத்தார்கள். இன்று பல் மருத்துவர்கூடச் சுவரில் வரைபடம் மாட்டியிருக்கிறார். நாலு அண்டா என்பது பாவக் கணக்கில் சேரும்.

"சமையலறைக்கு ஒரு கணிப்பு செஞ்சு குடுங்க. அவங்க அதப் பயன்படுத்துனா, அக்டோபர்ல உங்களுக்கு நிரந்தர வேலை" என்றார் காமியா.

டோக்கியோவிலிருந்து இருவர் வந்து இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பயன்படுத்துகிறவரிடம் போ, அவர் கஷ்டத்தைக் கேள், மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டு, சின்னதாக ஒன்று செய்து காட்டு, திருத்து. சவாகோ வரிக்கு வரி கடைப்பிடித்தார். சமையலறைத் தலைவர் மகினோவிடம் போய், "உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் கஷ்டமில்லீங்க."

அதையும் எழுதி ஒட்டினார். ஒரு வாரத்தில் சுவரில் 'கஷ்டமில்லை' என்று பதினேழு சீட்டுகள் சேர்ந்தன.

மூன்று வருட ஆர்டர், வானிலை, விடுமுறை எல்லாவற்றையும் கலக்கி, விடியற்காலை ஐந்து மணிக்கு அன்றைய எண்ணைப் பெரிதாகக் காட்டும் திரை ஒன்றைச் சமையலறையில் மாட்டினார். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "ரொம்ப உதவிங்க. உங்களுக்குத்தான் சிரமம்" என்று மகினோ குனிந்தார். திரை ஒரு நாளும் தவறாமல் திறக்கப்பட்டது. பயன்பாடு நூறு சதவீதம். காமியா அந்த நேர்கோட்டை அச்சடித்துப் பக்கத்துக் கிளைக்கெல்லாம் காட்டினார். மிச்சம் மட்டும் அதே நாலு அண்டா.

செப்டம்பர் முதல் வாரம் புயல் வந்தது. ஒரு நாள் கம்பெனியே மூடிக் கிடந்தது. திரையின் பதிவேட்டைப் புரட்டிய சவாகோ என் பக்கம் திரும்பினார்.

"மூடுன அன்னைக்கும் அஞ்சு மணி ரெண்டு நிமிஷத்துக்குத் தொறந்திருக்காங்க. ஒன்பது விநாடி பாத்திருக்காங்க. தினமும் ஒன்பதே விநாடி. ஒன்பது விநாடில என்னத்தப் பாக்க முடியும்?"

மறுநாள் விடியலில் போய் அண்டாக்களுக்குப் பக்கத்தில் நின்றார். நின்று பார்ப்பது எங்கள் ஊரில் மரியாதையான வேலை. முதல் இரண்டு நாள் எல்லோரும் விருந்தாளி வந்தது போல நிமிர்ந்து நின்று சமைத்தார்கள், தேநீர்கூட வந்தது. மூன்றாம் நாள் அவரை மறந்துபோனார்கள்.

ஐந்து இரண்டுக்கு மகினோ திரையைத் திறந்தார், சுவரிலிருந்த காலைப் பட்டியலில் ஒரு கட்டத்தில் கோடு போட்டார், மூடினார். பெட்டி அடுக்கும் ரித்சுகோ சிரித்தார்.

"கோயில் வாசல்ல கயித்த இழுத்து மணியடிச்சு, கைய ரெண்டு தட்டு தட்டிட்டுப் போறோமே, அது மாதிரிதான். சாமி என்ன பதில் சொல்லுச்சுன்னு யாரு நின்னு கேக்குறா?"

ஏழரைக்கு மகினோ தொலைபேசியை எடுத்தார். "நான்தான், மகினோ. இன்னைக்கு மூணாவது லைன் ஓடுதா? ஓ, ஆளுங்க வந்த பஸ்சு ரெண்டுதானா? நன்றிங்க." இப்படி மூன்று தொழிற்சாலை வாசல் காவலர்களிடம் பேசிவிட்டு, "கடைசி எட்டுல ஏழு போடு" என்று குரல் கொடுத்தார்.

சவாகோ நேரே போனார். "மகினோ சான், புயலன்னைக்கு ஏன் தொறந்தீங்க?"

"பட்டியல்ல ஏழாவது வரிங்க அது. கட்டம் காலியா இருந்தா நல்லாவா இருக்கும்? வீட்லருந்து போன்ல தொறந்தேன்."

ஏழாவது வரியை எழுதியவர் சவாகோ. பழக்கத்துக்கு வரட்டும் என்று ஜூலையில் சேர்த்தது.

"சரி, அந்த எண்ண வச்சு என்ன செய்வீங்க?"

மகினோ ஏற்கெனவே சுத்தமாக இருந்த மூடி ஒன்றைத் துடைத்தார். "ரொம்ப அழகான எண்ணுங்க."

"நான் அழமாட்டேன். சொல்லுங்க."

"நாப்பது அண்டா எப்பவும் வேணும். அதுக்கு எதுக்குக் கணிப்பு? கடைசி எட்டுலதான் சண்டையே. ஏழு மணிக்கு ஒரு லைன் பழுதானா, அஞ்சு மணிக்கு வந்த எண்ணுக்கு எப்படித் தெரியும்? பெரிய எடம் பதினொண்ணு இருக்கு. அரை மணியில மூணு பேருக்குத்தான் போன் போட முடியுது. மத்த எட்டு எடத்துக்குப் பயந்து கூடப் போடுறேன்."

"இத ஜூன்லயே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க மஞ்சச் சீட்டெல்லாம் கொண்டுவந்தீங்க. கஷ்டம்னு சொன்னா உங்களுக்குக் கஷ்டமாயிடுமேன்னு…"

நிரந்தர வேலைக்கான குழு கூடுவதற்கு மூன்று வாரம்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த நேர்கோடே அவரைத் தூக்கிக்கொண்டுபோய் அக்டோபரில் இறக்கியிருக்கும். சவாகோ ஏழாவது வரியை அடித்துவிட்டார். ஏன் என்று நான் கேட்டேன். "வரி இல்லன்னா எத்தன பேர் தொறப்பாங்கன்னு தெரியணுமே" என்றார்.

முதல் நாள் பூஜ்யம். இரண்டாம் நாள் பூஜ்யம். மூன்றாம் நாள் ஒன்று. பூரித்துப்போய் ஓடி விசாரித்தார். ரித்சுகோ திரையைத் துணியால் துடைத்திருக்கிறார்.

காமியாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இனாகாகி சான், மூணு வாரம்! மூணே வாரம் பொறுக்கக் கூடாதா? கோடு இப்பக் கெணத்துல போட்ட கல்லு மாதிரி போகுது."

"ஆழம் தெரிஞ்சுதுல்ல" என்றார் சவாகோ.

கணினிப் பக்கம் அவர் போகவில்லை. ஒரு தாளில் பதினொரு வாசல், எட்டு அண்டா, அவ்வளவுதான் வரைந்தார். காலை ஏழேகாலுக்கு அவரே உட்கார்ந்து, மகினோ கூப்பிடாத எட்டு வாசலுக்கும் தொலைபேசினார். இயந்திரம் செய்ய வேண்டியதை முதலில் கையால் செய்து பார்த்தால், செய்யத் தகுந்ததா என்று தெரிந்துவிடும் என்பது அவர் வாதம். நிரப்பிய தாளைச் சமையலறைப் பலகையில் காந்தத்தால் ஒட்டிவைத்தார். முதல் நாள் சாயங்காலம் அது திரும்பி வந்தபோது அதில் மகினோவின் கையெழுத்தில், சிவப்பில், 'தப்பு. ஆறாவது வாசல் புதன்கிழமை நூடுல்ஸ் சாப்பிடும்' என்று எழுதியிருந்தது.

"பாருங்க, தப்புன்னு எழுதிட்டாரு!" என்று அதை என் மேஜைக்கு எடுத்து வந்தார். பரிசுப் பத்திரத்தைக்கூட அப்படி இரண்டு கையாலும் பிடித்து நான் பார்த்ததில்லை.

குழு கூடிய அன்று மிச்சம் ஓர் அண்டாவாகக் குறைந்திருந்தது. ஆனால் மதிப்பீட்டுப் படிவத்தில் அண்டாவுக்கு இடமில்லை. திரைப் பயன்பாடு: பூஜ்யம். பயனர் புகார்கள்: சிவப்பு மையில் பதினாலு. காமியா மூன்று முறை எழுந்து நின்று வாதாடினார். இன்னும் ஆறு மாத ஒப்பந்தம், ஏப்ரலில் மறுபடி பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை சவாகோ சமையலறைக்குப் போய்த் தாளைப் பலகையில் ஒட்டினார். செய்தி அவருக்கு முன்பே போயிருந்தது. மகினோ வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்னாலதான். அந்தப் பதினாலையும் நான் எழுதியிருக்கக் கூடாது."

"அதுல ரெண்டு ரித்சுகோ சானோடது."

"ஏப்ரல் வரைக்கும் பேனாவையே தொடமாட்டேன். யாரு கேட்டாலும் ரொம்ப உதவியா இருக்குன்னு சொல்றேன்."

"அப்படின்னா தாள நான் எடுத்துட்டுப் போயிடுறேன்" என்று சவாகோ காந்தத்தை உருவினார்.

மகினோ தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்டா ஒன்று பொங்கி மூடி தடதடத்தது. அவர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"ஒன்பதாவது வாசல்காரர் பஸ்ஸத்தான் எண்ணுறாரு. அங்க பாதிப் பேரு சைக்கிள்ல வர்றாங்க. உங்க எண்ணு தெனமும் தப்பு."

சவாகோ பேனாவை எடுத்தார். "எத்தன சைக்கிள்?"