உருட்டிப் பார்க்கும் ஆரோக்கியசெல்வி

கம்பியை விரலால் லேசாகத் தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறார். விரல் நீளக் கம்பி கண்ணாடிப் பலகை மேல் உருண்டு நிற்கிறது. மேல்பக்கம் சாக்பீஸால் ஒரு கோடு. மறுபடி தட்டுகிறார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பக்கம் மேலே வந்தால் நல்ல கம்பி. போட்ட கோடே திரும்பத் திரும்ப மேலே வந்து நின்றால், "இது பொக்கு" என்று ஓரங்கட்டிவிடுவார்.

பொக்கு மல்லாட்டை என்றால் உள்ளே பருப்பில்லாத வேர்க்கடலை. கம்பியிலும் உள்ளே குழி விழுந்த பக்கம் கனம் குறைந்து மேலே வந்துவிடும். முகையூர் ஆரோக்கியசெல்வி முன்பு விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை பொறுக்கியவர். ஆறு வருடமாகத் திண்டிவனம் சாலைப் பட்டறையில் டங்ஸ்டன் செம்புக் கம்பிகளோடு குடித்தனம். துணை மின்நிலையத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும்போது நெருப்புப் பொறி சீறுமே, அதை முகத்தில் வாங்கிக்கொள்ளும் முனை இது. வெறும் செம்பு உருகி வழிந்துவிடும். அதனால் டங்ஸ்டன் தூளை அழுத்திக் கட்டியாக்கி, உலையில் வைத்து, அதன் நுண்துளைகளில் உருகிய செம்பை இறக்குகிறார்கள். "இட்லியில சாம்பார் ஊறுற மாரி சார். நடுவுல ஒரு எடம் ஊறாம நின்னுச்சுன்னா அங்கதான் வெடிக்கும்" என்பது அவர் விளக்கம்.

சாக்பீஸ் இருப்பது கொண்டையில். வேர்த்துக் கொட்டினாலும் மின்விசிறி போடவிட மாட்டார். மேசையில் யாராவது கை ஊன்றினால் தொலைந்தார்கள். "கைய எடுங்க, மட்டம் பூடும்!"

பரிசோதகர் சீனுவாசன் வேலையை விட்டுப்போய் ஒரு மாதமாகிறது. அவர் நாற்காலி காலி. வேலையைப் பார்ப்பது ஆரோக்கியசெல்வி, நின்றுகொண்டே. டிப்ளமா படித்தவரைத் தேடுவதா, பத்தாவது படித்த இவரையே போடுவதா என்று மேலாளர் பார்த்திபன் இழுத்தடிக்கிறார். அந்த இடத்தின் மேல் ஆரோக்கியசெல்விக்குக் கொள்ளை ஆசை. வாய்விட்டுக் கேட்டதில்லை.

போன வெள்ளிக்கிழமை சரக்கேற்ற வண்டி வாசலில் நிற்க, ஒரு கம்பியைத் தள்ளிவைத்தார். தராசில் போட்டுப் பார்த்தார் பார்த்திபன்.

"எடை அளவுக்குள்ளதான இருக்குது? ஏங்க பேஜாரு பண்றீங்க?"

"அறுத்துப் பாருங்க சார்."

"நல்லதா இருந்தா?"

"அப்ப இந்த வேலையே எனக்கு வாணாம்."

அறுத்தார்கள். உள்ளே வழவழவென்று, ஒரு குறையும் இல்லை. ஆரோக்கியசெல்வி இரண்டு துண்டையும் வாங்கிக் கண்ணாடியில் உருட்டினார். ஒன்று இஷ்டத்துக்கு நின்றது. இன்னொன்றில் கோடுதான் மேலே வந்தது, மூன்று தடவையும்.

"இதுல கீது சார். இன்னொருக்கா அறுங்க."

இருந்தது. ஒரு மல்லாட்டைப் பருப்பு உட்காரும் அளவுக்குக் குழி.

பார்த்திபன் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மீதியையும் உருட்டிடுங்க" என்றார். "வண்டி நிக்கட்டும்."

ஆரோக்கியசெல்வி அடுத்த கம்பியை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். பிறகு சீனுவாசனின் நாற்காலியைக் காலால் இழுத்து, முந்தானையால் தூசு தட்டி, உட்கார்ந்தார்.